மினி டிராக்டரில் சார்ஜ் ஏறாதபோது: பல்பும் எர்த் பட்டையும்

சேற்றுழவு முடித்து நின்ற மினி டிராக்டர் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. இன்னொரு வண்டியைக் கட்டி இழுத்தால் ஓடியது. இந்த நிலையில் பலரும் நேரே புது பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தே ஆகவேண்டும்.

நிற்கும்போது பேட்டரியில் 12.1 வோல்ட். முழு சார்ஜில் 12.6 இருக்கும். எஞ்சினை ஓடவிட்டு த்ராட்டில் கூட்டினால் 13.8 முதல் 14.4 வரை ஏறவேண்டும், முள் அசையவில்லை. ஃபேன் பெல்ட் கட்டைவிரல் அழுத்தத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் தாழ்ந்தது, அதில் குறையில்லை.

எஞ்சினை அணைத்துச் சாவியை மட்டும் ஆன் செய்தோம். மீட்டர் போர்டில் உள்ள சார்ஜ் லைட் எரியவில்லை. ஓடும்போது அது எரியாமல் இருந்தால் போதும் என்று நினைப்பது தவறு. சாவி போட்டதும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணையவேண்டும். இந்த வகை ஆல்டர்னேட்டரில் (எஞ்சின் ஓட்டத்தில் பேட்டரிக்கு சார்ஜ் தரும் கருவி) உள்ளே சுழலும் ரோட்டருக்கு முதல் கரண்ட் போவதே அந்த பல்பு வழியாகத்தான். பல்பு போனால் ரோட்டரில் காந்தம் எழாது, சார்ஜும் வராது. பழைய வாட்டிலேயே பல்பு போடுங்கள். எல்.ஈ.டி. வேண்டாம், அதில் போகும் கரண்ட் பற்றாது.

பல்பு மாற்றியதும் ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் போல்ட்டுக்கும் பாடிக்கும் நடுவே 14.2 காட்டியது. பேட்டரியிலோ 13.4தான். வழியில் எவ்வளவு வோல்ட் இழக்கிறது என்று ஹெட்லைட் எரியும்போதே அளந்தோம்: அந்த போல்ட்டிலிருந்து பேட்டரி பிளஸ் வரை 0.1, பேட்டரி மைனஸிலிருந்து ஆல்டர்னேட்டர் பாடி வரை 0.7. ஒரு பக்கம் 0.2க்கு மேல் போனாலே இணைப்பில் கோளாறு.

பேட்டரி மைனஸை வண்டியின் பாடியோடு இணைக்கும் எர்த் பட்டையை கியர்பாக்ஸ் ஹவுசிங்கில் பிடிக்கும் போல்ட்டைக் கழற்றினால், வாஷருக்கு அடியில் காய்ந்த சேறும் துருவும் அப்பியிருந்தன. செல்ஃப் இழுக்கும் பெரிய கரண்டும் இதே வழிதான் திரும்புகிறது. காலையில் செல்ஃப் எடுக்காததில் இதற்கும் பங்கு உண்டு. உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு முடுக்கி, மேலே வாஸ்லின் தடவியதும் பேட்டரியில் 14.1 வந்தது.

ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி ‘டைனமோ வேலை செய்யுதா’ என்று பார்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். அந்த நொடியில் வோல்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டரின் டயோடும் ரெகுலேட்டரும் போய்விடும். இறங்கிய பேட்டரியைத் தனி சார்ஜரில், 50 ஏ.எச். (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) என்றால் 5 ஆம்பியரில், நிதானமாக ஏற்றிவிட்டு வண்டியில் மாட்டுங்கள்.