குடும்ப வன்முறை மனு: எண் ஆவது முதல் பூட்டு திறப்பது வரை

குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனுப் போட வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது, கடைசிப் பத்தியிலிருந்து எழுதத் தொடங்குங்கள் என்பதுதான். நீதிமன்றத்திடம் என்ன வேண்டும் என்று கேட்கும் பகுதி அது. பெரும்பாலான மனுக்களில் கல்யாண மண்டபத்தின் பெயரிலிருந்து சீர்வரிசை வரை பத்துப் பக்கம் ஓடும். பரிகாரம் கேட்கும் இடத்தில் மட்டும் ‘பிரிவு 18, 19, 20-இன் கீழ் உரிய உத்தரவு வேண்டும்’ (பாதுகாப்பு, குடியிருப்பு, பணம்) என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அப்படிக் கேட்டால் உத்தரவும் அப்படித்தான் வரும். அதைக் காவல் நிலையத்துக்கு எடுத்துப் போனால், “இதுல எங்களை ஒண்ணும் செய்யச் சொல்லலையேம்மா” என்பார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி.

2005-இல் இயற்றப்பட்டு 26 அக்டோபர் 2006 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டத்தில் மனுப் போட எஃப்.ஐ.ஆர். தேவையில்லை. மனுப் போட்டதற்காக யாரும் கைதாகவும் மாட்டார்கள். அடி மட்டுமல்ல, வசவு, மிரட்டல், பாலியல் கொடுமை, செலவுக்குப் பணம் தராமல் வைத்திருப்பது, நகையைப் பிடுங்கிக்கொள்வது எல்லாமே பிரிவு 3-இல் வன்முறைதான். மனைவி மட்டும்தான் மனுப் போடலாம் என்பதும் தவறு. அம்மா, தங்கை, கணவனை இழந்த மருமகள், திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழ்ந்தவர் யாரும் போடலாம். மாமியார், நாத்தனார் மீதும் போடலாம். எதிர்மனுதாரர் ‘வயதுவந்த ஆண்’ ஆகத்தான் இருக்க வேண்டும் என்ற வரம்பை உச்ச நீதிமன்றம் 2016-இல் நீக்கிவிட்டது. கணவன், அவர் வீட்டாரின் கொடுமைக்கான குற்ற வழக்கு தனி. இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 498-ஏ, 1 ஜூலை 2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 85. அந்தப் புகாரும் இந்த மனுவும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று) கேட்டு வாங்குங்கள். அங்கே கூப்பிட்டுப் பேசி அனுப்புவதிலேயே மாதங்கள் போய்விடும் என்றாலும், அந்த ரசீதின் தேதி பிறகு சாட்சியாக நிற்கும். காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் ‘யார் அடித்தது’ என்பதை மறைக்காமல் சொல்லி, ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பதிவு செய்யச் சொல்லுங்கள். வழுக்கி விழுந்தேன் என்று ஒருமுறை எழுதிவிட்டால் குறுக்கு விசாரணையில் அந்தக் காகிதம்தான் முதலில் வெளியே வரும். இரவோடு இரவாக வெளியேற வேண்டிய நிலை என்றால் பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசுங்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் 5 நாள் வரை தங்கலாம்.

எங்கே போடுவது? பிரிவு 27-இன்படி, நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) மன்றத்திலேயே போடலாம். சம்பவம் நடந்த ஊருக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. தொலைபேசியில் கேட்க 15100.

சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவும் போகலாம். அவர் படிவம் 1-இல் வன்முறை அறிக்கை தயாரிப்பார். இந்த அறிக்கை இல்லாவிட்டாலும் நடுவர் உத்தரவு போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் அறிக்கை வரவில்லை என்று மனுவைத் தள்ளிப்போட வேண்டாம். ஆனால் கிடைக்குமானால் விடாதீர்கள். இரு தரப்பும் சாராத ஒருவர், சம்பவம் ஆறுவதற்குள் எழுதிய பதிவு அது. சில இடங்களில் அலுவலர் இரு தரப்பையும் கூப்பிட்டு, “சேர்ந்து வாழப் பாருங்க” என்று ஆரம்பிப்பார். கவுன்சிலிங்குக்கு அனுப்புவது பிரிவு 14-இன்படி நடுவரின் அதிகாரம். விருப்பமில்லை என்றால் மறுத்து, அறிக்கையை மட்டும் எழுத்தில் கேளுங்கள்.

மனு படிவம் 2. அதோடு இடைக்கால உத்தரவுக்குப் பிரிவு 23-இன் கீழ் தனி மனு, அதற்குப் படிவம் 3-இல் பிரமாணப் பத்திரம். இந்த இரண்டாவது மனுவைத்தான் பலர் ‘பிறகு பார்க்கலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். எங்களைக் கேட்டால் மூல மனுவைவிட இதற்கு அதிக உழைப்பு தேவை. மனு கிடைத்த 3 நாளுக்குள் முதல் விசாரணை, முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் தீர்ப்பு என்று பிரிவு 12 சொல்கிறது. நடைமுறையில் அது ஏட்டோடு சரி. இடைக்கால உத்தரவு இல்லாமல் மூல மனு எவ்வளவு காலம் நடந்தாலும் எதிர்த்தரப்புக்கு வலிக்காது. பிரமாணப் பத்திரத்தில் பொதுவான வேதனையை எழுதாமல், ஏன் இன்றே உத்தரவு வேண்டும் என்பதை எழுதுங்கள்: எந்தத் தேதியில் பூட்டு மாற்றப்பட்டது, பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ் யாரிடம் இருக்கிறது, வீட்டை விற்க யாரோடு பேச்சு நடக்கிறது. அப்படி இருந்தால்தான் நோட்டீஸ் போகும் முன்பே ஒருதலைப்பட்ச உத்தரவு கேட்க வழி உண்டு.

ஜீவனாம்சம் கேட்டால் சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரமும் சேர்க்க வேண்டும். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இரு தரப்புக்கும் கட்டாயமாக்கியது. உங்களுடையதை மனுவோடே தாக்கல் செய்துவிட்டால், எதிர்த்தரப்பு தாக்கல் செய்யாமல் வாய்தா வாங்கும்போது வக்கீலுக்குப் பேச இடம் கிடைக்கும். உங்கள் சொந்த வருமானத்தை மறைக்காதீர்கள். சின்னத் தொகையை மறைத்து மாட்டிக்கொண்டால் மற்ற எல்லாமே சந்தேகத்துக்குள்ளாகும்.

மனு எண் ஆகாமல் (வழக்கு எண் கிடைக்காமல்) திருத்தத்துக்காக ரிட்டர்ன் வருவதற்கும், எண் ஆன பிறகு முடங்குவதற்கும் பெரிய காரணம் ஒன்றே: எதிர்மனுதாரர் பட்டியல். கோபத்தில் வெளியூரில் இருக்கும் நாத்தனார், அவர் கணவர், சித்தப்பா என்று ஏழு பேரைச் சேர்ப்பார்கள். ஒவ்வொருவருக்கும் முகவரி, வயது, உறவு, அவர் செய்தது என்ன என்று எழுத வேண்டும். எழுதவில்லை என்றால் ரிட்டர்ன். எழுதினாலும் ஏழு பேருக்கும் நோட்டீஸ் போய்ச் சேர்ந்து சார்வாக வேண்டும். ஒருவருக்கு ‘வீடு பூட்டியிருக்கிறது’ என்று திரும்பினால் அதற்கொரு வாய்தா. பிறகு, சம்பந்தமில்லாதவர்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடுவார்கள். வீட்டில் இருந்து கொடுமை செய்தவர், உத்தரவு கட்டுப்படுத்த வேண்டியவர், இந்த இரண்டு வகையினர் போதும்.

குடியிருப்பு உத்தரவுதான் நிறைவேற்றும்போது அதிகம் சிக்குவது. வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, எனவே மருமகளுக்கு உரிமையில்லை என்ற வாதம் 2020-இல் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கோடு வலுவிழந்தது. உறவினர் பெயரில் உள்ள வீடும் சேர்ந்து வாழ்ந்த வீடாக இருக்கலாம். ஆனால் உரிமை உண்டு என்று தீர்ப்பில் இருந்தால் மட்டும் கதவு திறந்துவிடாது. மனுவிலேயே கதவு எண், மாடி, எந்த அறை, சமையலறையும் கழிப்பறையும் பயன்படுத்தும் உரிமை என்று எழுதுங்கள். அந்த வீடு எந்தக் காவல் நிலைய எல்லையில் வருகிறது என்று பெயரைக் குறிப்பிட்டு, பிரிவு 19(5)-இன் கீழ் நிலையப் பொறுப்பு அதிகாரி உடனிருந்து உதவ வேண்டும் என்று கேளுங்கள். அம்மா வீட்டிலிருந்து மனுப் போட்டிருப்பீர்கள், வீடோ வேறு எல்லையில் இருக்கும். பெயர் சொல்லாத உத்தரவை இரண்டு நிலையமும் மாற்றி மாற்றித் தள்ளும். பூட்டியிருந்தால் பூட்டைத் திறக்கவும் அனுமதி கேளுங்கள். திரும்பி அங்கே வாழ முடியாது என்றால் அதே தரத்தில் வேறு வீடு அல்லது வாடகை என்று மாற்றாகக் கேட்கலாம். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: வீட்டைவிட்டு வெளியேறும்படி பெண் எதிர்மனுதாரருக்கு உத்தரவு போட முடியாது. மாமியாரை வெளியேற்றக் கேட்கும் மனுக்கள் அந்த இடத்திலேயே அடிபடும்.

நகை, சீர் பொருட்களுக்குப் பவுன் கணக்கு, ரசீது, கல்யாண ஆல்பத்தில் அது தெரியும் படம் என்று இணைப்புப் பட்டியலாகக் கொடுங்கள். ‘சுமார் 50 பவுன்’ என்று மட்டும் எழுதினால் எதையும் மீட்க முடியாது.

பணத்துக்கும் இதே விதி. எந்த வங்கிக் கணக்கில், மாதம் எத்தனையாம் தேதிக்குள், எந்தத் தேதியிலிருந்து என்று கேளுங்கள். மனுத் தாக்கல் செய்த தேதியிலிருந்து தொகை கேட்கலாம். சம்பளக்காரர் என்றால் பணம் நின்றதும் பிரிவு 20(6)-ஐப் பயன்படுத்தி, நிறுவனமே சம்பளத்தில் பிடித்துக் கொடுக்க உத்தரவு வாங்கலாம். அதற்கு வேலை செய்யும் இடத்தின் முழு முகவரி முன்பே கோப்பில் இருக்க வேண்டும். பாக்கி சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உத்தரவை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுவை ஓராண்டுக்குள் போடாவிட்டால் பழைய மாதங்கள் கைவிட்டுப் போகும் அபாயம் இருக்கிறது.

ஃபோனில் இருக்கும் குரல் பதிவு, வாட்ஸ்அப் செய்திகளை அச்செடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் பிரிவு 63-இன்படி சான்றிதழ் வேண்டும். பதிவான அந்த ஃபோனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள்.

உத்தரவின் நகல் உங்களுக்கு இலவசம். காவல் நிலையத்துக்கும் அனுப்ப வேண்டும் என்று பிரிவு 24 சொல்கிறது. அனுப்பினார்களா என்று நிலையத்தில் நேரில் போய்க் கேளுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் பிரிவு 31-இல் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பிணையில் விட முடியாத, போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கும் குற்றம் அது. ஆனால் அந்தப் பிரிவு பாதுகாப்பு உத்தரவுக்கானது. ஜீவனாம்சம் வரவில்லை என்று பிரிவு 31-இல் புகார் கொடுத்து நாளைக் கடத்துவதைவிட நிறைவேற்று மனுதான் வேலைக்கு ஆகும். பாதுகாப்பு உத்தரவை மீறுவது குற்றம் என்பதால்தான் அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ வரக்கூடாது, ஃபோனிலும் தொடர்புகொள்ளக் கூடாது, கூட்டு லாக்கரைத் தொடக் கூடாது என்று பிரிவு 18-இன் கீழ் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்கச் சொல்கிறோம். எதை மீறினார் என்று சுட்ட முடிந்தால்தான் புகார் நிற்கும்.

நடுவில் சமாதானம் பேசி வருவார்கள். பேசலாம், தவறில்லை. ஆனால் வீட்டுக்கு அழைத்துப் போகும் முன்பே மனுவை வாபஸ் வாங்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நிபந்தனைகளை இரு தரப்பும் கையெழுத்திடும் கூட்டு மெமோவாக எழுதி நீதிமன்றத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். உங்களுக்கும் அந்த உரிமை உண்டு, தொகை குறைவு என்றால் அங்கேதான் போக வேண்டும். எதிர்த்தரப்பு, “அப்பீல் போட்டாச்சு, இனி இது செல்லாது” என்று காவல் நிலையத்தில் சொல்வது வழக்கம். அப்பீல் போட்டதனால் மட்டும் உத்தரவு நின்றுவிடாது. தடையாணையின் நகல் எங்கே என்று ஆய்வாளர் முன்னிலையிலேயே கேளுங்கள்.