ஐப்பசி, அடைமழை, அப்பளம், கோப்பி

ஐப்பசி பொறந்துருச்சுன்னு எங்க சிங்கப்பூர் வீட்டுல காலண்டர் சொல்றதுக்கு முன்னாடி எங்க நாய் கோப்பி சொல்லிரும். மத்தியானம் ஹால்ல ஃபேனுக்கு நேர் கீழ டைல்ஸ்ல வயித்த அமுக்கி படுத்திருக்கும், வெளிய வெயில் சுள்ளுன்னு அடிக்கும், நம்ம கண்ணுக்கு மழை வர்ற அறிகுறியே இருக்காது. ஆனா திடீர்னு எந்திரிச்சு நிக்கும், காது ரெண்டும் பின்னாடி மடங்கும், நேரா பாத்ரூமுக்குப் போயி வாஷ்பேசினுக்கு அடியில சுருண்டுக்கும். கொஞ்ச நேரத்துல ஜூரோங் பக்கம் வானம் கறுத்து இடி எறங்கும். இந்த விஷயத்துல வானிலை ஆப்பை விட நான் கோப்பியத்தான் நம்புறேன், அது பாத்ரூமுக்குப் போனா நான் துணி எடுக்கப் போயிருவேன், அவ்ளோதான் கணக்கு.

கோப்பி ஒரு சிங்கப்பூர் ஸ்பெஷல், அதாவது நம்ம ஊரு தெரு நாய் வம்சம், பிராஜெக்ட் அடோர்ங்கிற நாய் தத்துத் திட்டம் மூலமா எடுத்தோம், வீவக வீட்டுல, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டுல, இந்த மாதிரி நாய் வளர்க்க அதுதான் வழி. பால் ஊத்துன காப்பி கலர்ல இருக்கும், அதான் பேரு. மனுஷங்க, மத்த நாய்ங்க, லிஃப்ட், லாரி எதுக்கும் பயப்படாது. இடி ஒண்ணுதான் ஆகாது. ஆனா பாருங்க, அது பொறந்த ஊரு வருஷத்துல 160 நாளுக்கு மேல இடி இடிக்கிற ஊரு! அதுலயும் அக்டோபர், நவம்பர் ரெண்டு பருவக்காத்துக்கும் நடுவுல வர்ற மாசங்க. காத்து பெருசா இருக்காது, வெயில் தலைக்கு மேல நிக்கும், தரை நல்லா காஞ்சு சூடான காத்து மேல ஏறும், கடல்காத்தும் உள்ள வந்து சேரும், சாயங்காலத்துக்குள்ள பொத்துக்கிட்டு ஊத்திரும். பெரும்பாலும் மத்தியானத்துலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தான் இந்த ஆட்டம். நமக்கு ஆபீஸ் நேரம், கோப்பிக்கு சோதனை நேரம்.

எங்க வீட்டுக்காரர் இதுக்கு ஒரு ஏற்பாடு வச்சிருக்காரு. வீட்டுலேர்ந்து வேலை பாக்குற நாள்ல இடி ஆரம்பிச்சா லேப்டாப்ப தூக்கிட்டு பாத்ரூமுக்குள்ள போயிருவாரு, ஒரு பிளாஸ்டிக் முக்காலி, மடியில லேப்டாப், காதுல ஹெட்செட், காலுக்கு நடுவுல கோப்பி தலை. எக்ஸாஸ்ட் ஃபேன போட்டு விட்டு, பக்கெட் மேல போன வச்சு ஒலி 96.8 சத்தமா ஓட விடுவாரு, மீட்டிங் வந்தா மட்டும் ரேடியோ ஆஃப். ஒரு தடவை மீட்டிங் நடுவுல பெரிய இடி விழுந்து கோப்பி ஊளை விட்டு, அவரோட மேனேஜர் யாரது குழந்தையான்னு கேட்டாங்களாம், இவரும் "ஆமா, எங்க பெரிய பையன்"ன்னு சொல்லிட்டு வேலையப் பாத்தாரு. நான் வாசல்ல நின்னு "டீ வேணுமாங்க"ன்னு கேட்டேன், "இவனுக்கு ரெண்டு பிஸ்கட்டும் சேத்துக் கொண்டா மா"ன்னாரு. கல்யாணத்துக்கு முன்னாடி நாயைத் தொட்டாலே கை கழுவுற ஆளு இவரு, இத நான் கண்டிப்பா எழுதி வைக்கணும்.

இதுல சுமத்ரா காத்து வேற. அது பெரும்பாலும் சாயங்காலம் வராது, விடியக்காலைல இருட்டோட வரும், மலாக்கா நீரிணையத் தாண்டி வரிசை கட்டி வந்து ஒரு மணி ரெண்டு மணி நேரம் அடி அடின்னு அடிச்சிட்டுப் போயிரும். ஜன்னல் கதவு எல்லாம் படபடன்னு அடிச்சுக்கும். அந்த நேரத்துல கோப்பி பாத்ரூம் போகாது, நேரா எங்க கட்டில்ல ஏறி நடுவுல படுத்துக்கும், அது ஏறுனா அப்பளமும் ஏறும், அப்பறம் எங்க ரெண்டு பேருக்கும் கட்டிலோட ஓரம்தான் மிச்சம்.

அப்பளம் எங்க பூனை. வெள்ளை உடம்புல பொரிச்ச அப்பளத்து மேல இருக்குற மாதிரி பொன்னிறப் புள்ளி, வால் நுனி மட்டும் மடங்கி கொக்கி மாதிரி இருக்கும், இந்த வட்டாரத்துப் பூனைங்க நெறைய பேருக்கு பொறவியிலயே அப்படித்தான். இடது காது நுனி கொஞ்சம் வெட்டியிருக்கும், அது கருத்தடை பண்ணின சமூகப் பூனைன்னு அடையாளம். எங்க புளோக்குக்குக் கீழ திறந்த வெளியா விட்டிருக்குற வாய்ட் டெக்ல ரொம்ப நாளா இருந்தது, ஒரு சீன ஆன்டி தினமும் சாப்பாடு போடுவாங்க. எனக்கு அத வீட்டுக்குக் கொண்டு வரணும்னு ஆசை, ஆனா 1989லேர்ந்து வீவக வீட்டுல பூனை வளர்க்கக் கூடாதுன்னு விதி, அதனால கீழயே போயி கொஞ்சிட்டு வருவேன். 2024 செப்டம்பர் 1ஆம் தேதிதான் அந்தத் தடை போச்சு, வீட்டுக்கு ரெண்டு பூனை வரைக்கும் வச்சுக்கலாம், லைசென்ஸ் எடுக்கணும், மைக்ரோசிப் போடணும், ஆன்லைன்ல ஒரு சின்ன கோர்ஸ் முடிக்கணும். எங்க வீட்டுக்காரர் அந்த கோர்ஸ பரிட்சைக்குப் படிக்கிற மாதிரி நோட்டு போட்டு படிச்சாரு. ஆன்டிகிட்ட சொன்னதும் அவங்க கண்ணு கலங்கிருச்சு, இப்பவும் வாரம் ஒரு தடவை மேல வந்து பாத்துட்டுப் போவாங்க. ஜன்னல் பூரா வலை அடிச்சிட்டுத்தான் அப்பளத்த உள்ள விட்டோம், பன்னெண்டாவது மாடி, அதுல நான் விட்டுக் கொடுக்கவே மாட்டேன். பூனை வளர்க்கிறவங்க யாரும் "நம்ம பூனை குதிக்காது"ன்னு நினைக்காதீங்க, புறாவக் கண்டா அதுக்கு மாடி எல்லாம் ஞாபகம் இருக்காது.

டொரான்டோல இருக்குற என் நாத்தனார் ஒவ்வொரு அக்டோபரும் மேப்பிள் இலை ஃபோட்டோவா அனுப்புவாங்க, செவப்பும் ஆரஞ்சுமா தெருவே பத்தி எரியிற மாதிரி இருக்கும், கூடவே அவங்க பூனைக்கு குளிருக்கு முடி புசுபுசுன்னு வளந்திருக்குற ஃபோட்டோவும். "அண்ணி, உங்க ஊருல இதெல்லாம் இல்லையே"ம்பாங்க. அப்பளத்துக்கு அந்த மாதிரி குளிர்கால முடி வளராது, அதுக்குக் காரணம் இருக்கு. பூனைக்கு முடி கொட்டுறதும் வளர்றதும் பெரும்பாலும் பகல் நீளத்தப் பாத்துத்தான். அங்க ஜூன்ல 15 மணி நேரப் பகல், டிசம்பர்ல 9 மணி நேரம்தான். நமக்கு வருஷம் பூரா எண்ணிப் பாத்தாலும் பகல் நீளத்துல 9 நிமிஷம் வித்தியாசம் வந்தா பெருசு. அதனால அப்பளத்துக்கு சீசனே கிடையாது, பன்னெண்டு மாசமும் கொட்டும், சோபா, கறுப்பு பேன்ட், தோசை மாவு மூடி, எல்லாத்துலயும்.

ஆனா நமக்கு ஒண்ணுமே மாறலன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். பிப்ரவரி மாசம் ஏழே கால் ஆனாத்தான் சூரியன் வரும், நவம்பர் தொடக்கத்துல ஏழு மணிக்கு கால் மணி நேரம் இருக்கும்போதே வந்துரும், சாயங்காலமும் அதே மாதிரி ஏழுக்கு முன்னாடியே எறங்கிரும். பகல் நீளம் மாறல, பகலே அரை மணி நேரம் முன்னாடி நகருது. கோப்பிய காலையில நடக்க கூட்டிட்டுப் போறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். பிப்ரவரியில டார்ச் அடிச்சுட்டு போற பாதையில இப்ப வெளிச்சத்தோட போறோம், ராத்திரி பேஞ்ச மழையில புல்லு எல்லாம் ஈரம், நத்தைங்க நடைபாதைய கடக்கும், கோப்பி ஒவ்வொரு நத்தையையும் மோந்து பாத்து விசாரிச்சிட்டுத்தான் நகரும்.

இலை உதிர்றதும் இங்க இருக்கு. வாதாம் மரம், மலாய்ல கெத்தாப்பாங். பெரிய பெரிய இலை, விழறதுக்கு முன்னாடி செவக்கும். குளிரப் பாத்து உதிராது, காஞ்ச நாள் வந்தா உதிரும், ஒரு மரம் மொட்டையா நிக்கும்போது பக்கத்து மரம் பச்சப் பசேல்னு நிக்கும். எங்க மாமா வீடு சிராங்கூன் கார்டன்ஸ்ல தரை வீடு, வாசல்ல ஒரு கெத்தாப்பாங் இருக்கு. மாமா அந்த இலையக் கூட்டி அள்ளியே இடுப்பு வலின்னு சொல்லுவாங்க, எங்க வீட்டுக்காரருக்கோ அதுதான் பொக்கிஷம். ஏன்னா எங்க வீட்டுல மூணாவது ஜீவன் ஒண்ணு இருக்கு, துரை, நீலக்கலர் சண்டை மீன்.

சண்டை மீன் வளர்க்கிறவங்களுக்கு கெத்தாப்பாங் இலையோட அருமை தெரியும். பழுத்து விழுந்து நல்லா காஞ்சு பழுப்பான இலைய எடுத்து தண்ணியில போட்டா டானின் எறங்கி தண்ணி தேத்தண்ணி கலர்ல மாறும், லேசா அமிலத்தன்மை வரும், மீனுக்கு அதுதான் சுகம், அதோட சொந்த ஊரு சதுப்புத் தண்ணி மாதிரி. மீன் கடையில கட்டு கட்டா காசுக்கு விக்கிறாங்க. எங்க வீட்டுக்காரர் போன ஞாயித்துக்கிழம மாமா வீட்டுல குத்த வச்சு உக்காந்து ஒவ்வொரு இலையா திருப்பிப் பாத்து, பூச்சி அரிச்சத ஒதுக்கி, கருப்பு புள்ளி இருக்குறத ஒதுக்கி, நரம்பு நேரா இருக்குறத மட்டும் அடுக்கினாரு. வீட்டுக்கு வந்து சோப்பு படாத டப்பாவுல அலசி, மூங்கில் கழியில சட்டைக்கும் கைலிக்கும் நடுவுல கிளிப் போட்டு காயப் போட்டுட்டாரு. எதிர் புளோக்லேர்ந்து பாக்குறவங்க என்ன நெனச்சாங்களோ. மழை வந்தா மொதல்ல எடுக்க வேண்டியது இலைதானாம், என் சுடிதார் அப்பறம்தானாம்.

புது இலை போட்ட மறுநாள் துரை தண்ணி மேல நுரைக்கூடு கட்ட ஆரம்பிச்சிருச்சு, வாயாலயே குமிழி குமிழியா ஊதி இலையோட ஓரத்துல ஒட்ட வைக்குது. அப்பளம் தொட்டி பக்கத்துல மணிக்கணக்கா உக்காந்து பாக்கும், மூடி கெட்டியா போட்டிருக்கு, பயமில்ல. துரை சிலிர்த்துக்கிட்டு செவுள விரிச்சு காட்டும், அப்பளம் மெதுவா கண்ண மூடித் தொறக்கும். ரெண்டுக்கும் ஒரு பந்தம் இருக்குன்னு நான் நம்புறேன், வீட்டுக்காரர் அது பசின்னு சொல்றாரு.

இப்ப தீபாவளி வேலை வேற ஆரம்பிச்சாச்சு. முறுக்கு பிழியிறது அவரு, சுட்டு எடுக்குறது நான். மழை நாள்ல முறுக்கு சீக்கிரம் நமுத்துப் போகும், அதனால ஆறியும் ஆறாததுமா அடைக்காம, நல்லா ஆற விட்டு அன்னைக்கே டின்ல அடைச்சிரணும். கோப்பி அடுப்படி வாசல் கோட்டத் தாண்டாது, ஆனா கோட்டு மேலயே மூக்க வச்சுக்கிட்டு படுத்திருக்கும். ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன், நாய் இருக்குற வீட்டுக்கு வர்றவங்க பாசத்துல லட்டு ஊட்டிராதீங்க. அதுல இருக்குற கிஸ்மிஸ் நாய்க்கு சிறுநீரகத்தையே கெடுத்துரும், வெங்காயமும் சாக்லேட்டும் ஆகவே ஆகாது. எங்க வீட்டுல அதுக்கு தனியா உப்பில்லாம வேக வச்ச கோழியும் சக்கரவள்ளிக் கிழங்கும் இருக்கு, அத வேணும்னா கையில எடுத்து ஊட்டுங்க, நல்லா வாங்கிக்கும்.

மதுரையில அம்மா வீட்டுல தீபாவளின்னா நாயெல்லாம் கட்டிலுக்கு அடியில தான், மூணு நாள் வெடி. இங்க 1972லேயே பட்டாச தடை பண்ணிட்டாங்க, சின்ன வயசுல வெடிச்சுப் பழகுன எனக்கு மொத வருஷம் வெறிச்சுன்னு இருந்துச்சு, இப்ப அந்த அமைதிய மனசார விரும்புறேன். வெளிச்சத்துக்கு சிராங்கூன் ரோடு பூரா தோரணம் இருக்கு. எண்ணெய் விளக்கு மட்டும் சாமி அலமாரி மேல உயரத்துல வச்சிருவேன், அப்பளத்தோட கொக்கி வாலுக்கு எட்டாத எடத்துல.

வர்ற சனிக்கிழம தேக்கா மார்க்கெட் போகணும். ஒன்பது மணிக்குள்ள போயிட்டா ஆட்டுக்கறி நல்லதா கெடைக்கும், வாழ இலை, கேம்பல் லேன்ல பூ, பக்கத்து வீட்டு ஆன்டிக்கு முறுக்கு போட ஒரு சின்ன டின், எல்லாம் முடிச்சிட்டு மழைக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துரணும். "ரெண்டு பேரும் சேந்து போயிட்டு இடி வந்துருச்சுன்னா கோப்பிகூட யாரு இருக்குறது?"ன்னு இவரு இப்பவே கேக்குறாரு. நான் லிஸ்ட் எழுதி அவரு கையிலயே குடுத்துட்டேன்.