ஒரே வாய், வேறு வேறு பசி

5.1.2025, ஞாயிறு
பாட்டுக் கேட்கும் பழைய கருவியான மதுரை மாமாவின் ஐபாடை வாங்கி வந்துவிட்டேன். அதிலுள்ள பாட்டுகளை என் லேப்டாப்புக்கு மாற்ற வேண்டும். 2003இல் வந்த மூன்றாம் தலைமுறை, 15 ஜிபி. திரைக்குக் கீழே சிவப்பாக ஒளிரும் நாலு பட்டன். பேட்டரி போன வருடம்தான் மாற்றினாராம். சார்ஜரையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். "வீட்ல ஒரு டப்பா நிறைய ஒயர் கிடக்கு மாமா" என்று வாயை விட்டேன்.

டப்பாவில் மினி, மைக்ரோ, டைப்-சி எல்லாம் உண்டு. இந்த ஐபாடின் வாய்க்குப் பொருந்தும் அகலமான பழைய ஆப்பிள் செருகி, 30 பின், மட்டும் இல்லை.

7.1.2025
ரிச்சி தெருவில் 80 ரூபாய்க்கு 30 பின் கேபிள் கிடைத்தது. செருகினால் லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை. எரிச்சலில் கேபிளை வெட்டிப் பார்த்தேன். உள்ளே சிவப்பும் கறுப்பும்தான். டேட்டா போகும் பச்சை, வெள்ளைக் கம்பிகளையே காணோம். வெறும் சார்ஜ் ஒயர். சரி, அப்படியானால் சார்ஜாவது ஏறியிருக்க வேண்டுமே?

8.1.2025
ஆபீஸ் நண்பரின் பழைய ஐபோன் 4 கேபிளை இரவல் வாங்கினேன். செருகியதும் டிரைவாக வந்து நின்றது. மறைந்திருந்த ஃபோல்டரைத் திறந்து, பாட்டுகளை காப்பி போட்டுவிட்டு தோசை சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் பாதியில் அணைந்து கிடக்கிறது.

9.1.2025
மாமாவுக்கு ஃபோன். "அது ஃபயர்வயர்லதான்டா சார்ஜ் ஆகும். சார்ஜரை வேணாம்னு சொன்னது யாரு?"

விஷயம் இதுதான். ஃபயர்வயர் என்பது யூஎஸ்பி போலவே டேட்டாவும் கரண்டும் கடத்தும் இன்னொரு வகை இணைப்பு. அந்த 30 பின்னில் யூஎஸ்பிக்குத் தனிப் பின்கள், ஃபயர்வயருக்குத் தனிப் பின்கள். இந்த மாடல் யூஎஸ்பியில் பாட்டை வாங்கிக்கொள்ளும், கரண்டை வாங்காது. யூஎஸ்பி தருவது 5 வோல்ட். ஃபயர்வயர் சார்ஜர் தருவது 12. யூஎஸ்பியில் சார்ஜ் ஏறியது 2004இல் வந்த நாலாம் தலைமுறையிலிருந்துதான். 2005இன் வீடியோ ஐபாடில் கதை தலைகீழ்: ஃபயர்வயரில் சார்ஜ் ஏறும், பாட்டு ஏறாது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாவற்றுக்கும் அதே வாய்! 80 ரூபாய்க் கடைக்காரரைத் திட்டியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். மீதிப் பாதி அப்படியே இருக்கட்டும்.

இரண்டு வால் வைத்த கேபிள் ஒன்றை ஆப்பிளே அப்போது விற்றிருக்கிறது. ஒரு வால் கம்ப்யூட்டருக்கு, இன்னொன்று சார்ஜருக்கு. இப்போது எங்கே தேட?

13.1.2025, போகி
மாமா சார்ஜரை அனுப்பிய பார்சல் சனிக்கிழமையே வந்துவிட்டது. இருப்பது ஒரே வாய் என்பதால் முதலில் முழு சார்ஜ், பிறகு கழற்றி லேப்டாப்பில். நேற்று ராத்திரி கடைசிப் பாட்டும் வந்து சேர்ந்தது.

காலையில் பார்த்தால், கழிக்க வேண்டிய பழசோடு என் ஒயர் டப்பாவையும் அம்மா வாசலில் வைத்திருக்கிறாள். அவள் கோலத்துக்குத் திரும்பிய நேரம் பார்த்து உள்ளே தூக்கி வந்துவிட்டேன்.