லைனுக்கு மேற்கே

சென்னை மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே போனால் ரங்கநாதன் தெரு, மேற்கே போனால் ஸ்டேஷன் ரோடு காய்கறிக் கடைகள். நடுவில் இருப்பது நாலைந்து தண்டவாளம்தான். ஆனாலும் இரண்டும் ஒரே மாம்பலம் என்றால் புதிதாக வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள்.

கிழக்கே இருக்கும் தி.நகர் பக்கம் திட்டம் போட்டுக் கட்டியது. 1920-களில் பெரிய ஏரியைத் தூர்த்து, பனகல் பூங்காவை நடுவில் வைத்து, தெருக்களை அளந்து போட்டார்கள். எங்கள் மேற்கு மாம்பலம் பக்கம் ஏரியின் ஞாபகமாக லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் இருக்கிறது, பால்கனியில் நின்றால் எதிர்வீட்டுத் துணிக்கொடிதான் தெரியும். 1931-இல் பீச்–தாம்பரம் மின்சார ரயில் வந்தது. காலையில் டிபன் பாக்ஸோடு நடந்துபோய் ரயில் பிடித்து பாரீஸ் கார்னர் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் இருந்திருக்காது. இன்றைக்கும் இங்கே வீடு பார்க்கிறவர்கள் தண்ணீர் வருமா என்பதற்கு அடுத்தபடியாகக் கேட்பது ஸ்டேஷனுக்கு எவ்வளவு நேரம் என்றுதான்.

என்னைக் கேட்டால் இந்த ரயில் லைன் குறுக்கே கிடப்பது நல்லதுக்குத்தான். அது இல்லாவிட்டால் அந்த ஏழு மாடி நகைக்கடையும் ஜவுளிக்கடையும் எப்போதோ எங்கள் ஆரிய கவுடா ரோடு வரை வந்திருக்கும், பஜனை நடக்கும் அயோத்தியா மண்டபத்து வாசலில் பார்க்கிங் டோக்கன் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இங்கே இன்னும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஸ்டேஷன் ரோட்டில் கீரையை விலை குறைத்துத் தள்ளிவிடுகிறார்கள், ரயிலிலிருந்து இறங்கி வருகிறவர்கள் ஆபீஸ் பையிலேயே முருங்கைக்காயைச் செருகிக்கொண்டு போகிறார்கள், பாதி வெளியே நீட்டிக்கொண்டு.

நடந்து போகிறவர்களுக்குக் குறை இல்லை. 2023-இல் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரை ஆகாய நடைபாதையும் வந்துவிட்டது, அரை கிலோமீட்டருக்கு மேல் ரங்கநாதன் தெரு நெரிசலில் கால் வைக்காமலே போகலாம். வண்டி வைத்திருப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம். லைனைத் தாண்ட துரைசாமி சப்வே, அரங்கநாதன் சப்வே, விட்டால் கோடம்பாக்கம் மேம்பாலம் என்று சுற்ற வேண்டும். சப்வே இரண்டும் பள்ளம், நாலு மணி நேரம் அடித்துப் பெய்தால் தண்ணீர் அங்கேதான் வந்து சேரும். மோட்டார் வைத்து இறைக்கிறார்கள், அடுத்த மழைக்கு மறுபடியும் தடுப்பு வைத்துவிடுகிறார்கள். அன்றைக்கு பாண்டி பஜாருக்கு ஆட்டோ கேட்டால், "அந்தப் பக்கம் வராது சார், ஸ்டேஷன்ல விடுறேன், ஏறி இறங்கிடுங்க" என்பார்கள். சரி என்று குடையை மடக்கிக்கொண்டு ஏற வேண்டியதுதான்.