இது போதும் என்றேன்

"கொரோனாவுல ஆக்சிஜன் 94-க்குக் கீழ போவக்கூடாதுன்னு நீங்கதான தம்பி சொன்னீய? இப்ப நீங்களே குறைக்கீய?"

நான் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்த பெரியவரின் மகள், அந்த அக்கா, கேட்டது இவ்வளவுதான். எங்கள் ஆம்புலன்ஸ் சீதபற்பநல்லூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. "அவியளுக்கு இது போதும்க்கா" என்றேன். சொல்லிவிட்டு மறுபடி மானிட்டரைப் பார்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு திருநெல்வேலி டவுன் வரும்வரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆலங்குளம் பக்கத்துக் கிராமம் அது. கார்த்திகை மாத விடியற்காலை. பெரியவர் திண்ணையில் இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதட்டைக் குவித்து ஊதி ஊதி மூச்சு விட்டார். பேர் கேட்டால் பாதிப் பேரோடு நிறுத்தி இழுத்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கிளிப்பை விரலில் மாட்டியதும் 79 சதவீதம் காட்டியது. கை சில்லிட்டிருந்ததால் அதை அப்படியே நம்பவில்லை. ஆனால் ஆளைப் பார்த்தாலே தெரிந்தது. பை வைத்த மாஸ்க்கைப் போட்டு 15 லிட்டர் திறந்தேன். மூச்சுக்குழாயை விரிக்கும் டுவோலின் மருந்தை நெபுலைசரில் புகையாகக் கொடுத்தேன். ஸ்ட்ரெச்சரில் சாயவிடாமல் உட்காரவைத்தே ஏற்றினோம். இதுவரை செய்ததில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் 97 வந்தது. அந்த அக்கா முதல்முறையாகப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. அதுவரை மாஸ்க்கைப் பிய்த்து எறியப் பார்த்த பெரியவர் அமைதியாகிவிட்டார். தலை தொங்கியது. நிமிடத்துக்கு 34 இருந்த மூச்சு 14-க்கு வந்துவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, பாவம், அசந்து தூங்குகிறார் என்றுதான் தோன்றும். "ஐயா" என்று தோளைத் தட்டினேன்; கண் பாதிதான் திறந்தது. வீட்டில் நீல இன்ஹேலர் பார்த்திருந்தேன். பீடி குடித்துக் குடித்து, இருபது வருடத்துக்கு முன்னால்தான் விட்டார் என்று மகள் சொல்லியிருந்தார். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவருக்கு ஆக்சிஜன் அளவுக்கு மீறினால் கரியமில வாயு உள்ளே சேரும். பழுதான பகுதிகளுக்கு ரத்தம் போகாமல் உடம்பே அடைத்துவைத்திருக்கும் குழாய்களை அந்த அதிக ஆக்சிஜன் திறந்துவிடும். அவர்களுக்கு 88-லிருந்து 92 வரை வைத்தால் போதும். மாஸ்க்கைக் கழற்றி, 28 சதவீத ஆக்சிஜன் மட்டும் போகும் வென்சூரி மாஸ்க்கைப் போட்டேன்.

97 கண்ணெதிரே இறங்கியது. 95, 93, 90.

அந்தப் பெண் ஒவ்வொரு எண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தார். 2021 மே மாதத்தில் வீட்டுக்கு வீடு ஒரு ஆக்சிமீட்டரும் 94 என்ற எண்ணும் போய்ச் சேர்ந்திருந்தன. சேர்த்தவர்களில் நாங்களும் உண்டு. எத்தனை வாசலில் நின்று நானே அதைச் சொல்லியிருப்பேன். அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் பாடத்தை எங்களுக்கே ஒப்பித்தார், அவ்வளவுதான்.

பெரியவர் பழைய பேட்டை வரும்போது கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். பெரியாஸ்பத்திரியில் ஒப்படைக்கும்போது பேசிக்கொண்டுதான் இருந்தார். மூன்றாம் நாள் இறந்துபோனார்.

வேறொரு கேஸை இறக்கப் போனபோது அந்த அக்காவை ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தேன். திட்டவில்லை. "அன்னைக்கு அந்தக் காத்தை அப்படியே விட்டிருக்கலாம் தம்பி" என்றார். நான் தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது. ஒத்துக்கொண்டேனா?

படித்துப் பார்த்தேன். 2010-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தாஸ்மேனியா ஆய்வு ஒன்று உண்டு. 405 பேரை இரண்டாகப் பிரித்து, ஆம்புலன்ஸிலேயே ஒரு பக்கம் ஆக்சிஜனை நிறையவும் இன்னொரு பக்கம் அளந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். அடைப்பு நோய் உறுதியானவர்களில், நிறையக் கொடுத்த பக்கம் இறந்தவர்கள் 9 சதவீதம். அளந்து கொடுத்த பக்கம் 2 சதவீதம். படித்த அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். மறுநாள் வேறு கேள்வி எழுந்தது. பெரியவருக்கு இருந்தது அதே நோய்தான் என்று யார் உறுதி சொன்னது? ஒரு இன்ஹேலரும் பழைய பீடிப் பழக்கமும் போதுமா? இதயம் தளர்ந்து நீர் கோத்தாலும் இளைப்புச் சத்தம் கேட்கும். நீர் வீக்கம் இருக்கிறதா என்று அவர் கணுக்காலை அமுக்கிப் பார்த்தேனா? நினைவில்லை. ரிப்போர்ட்டில் எழுதவும் இல்லை. தலை தொங்கியபோது, கையால் அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளும் ஆம்பு பையை எடுத்து மூச்சுக்குத் துணை கொடுத்திருக்க வேண்டுமோ? மாஸ்க்கை மாற்றியதும் தெளிந்தாரே, என் கணிப்பு சரிதானே என்று உடனே எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நெபுலைசர் மருந்து வேலை செய்தும் தெளிந்திருக்கலாம்.

ஆனால் என்னைத் தின்பது அந்த எண் இல்லை. "போதும்" என்ற சொல். மூச்சுக்குத் தவிக்கிற தகப்பனைப் பிடித்துக்கொண்டிருக்கும் மகளிடம், காற்று போதும் என்று சொல்லியிருக்கிறேன். "அக்கா, கொரோனாவுக்குச் சொன்ன கணக்கு வேற. இவிய நெஞ்சு பல வருசமாக் கொறஞ்ச காத்துக்குப் பழகினது. கூடுனா மயங்கிருவாவ. இப்பப் பாருங்க, மயங்குதாவ." இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்குமா? அந்த அரை நிமிடம் என்னிடம் இருந்தது. நான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அதே மாதிரி ஒரு தாத்தா. 96-க்கு ஏறியதும் குறைக்கத் திருகில் கை வைத்தேன். பேரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த முறை விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தடவை மனதுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறேன். வாய் வரவில்லை. கையை எடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரி வரும்வரை 15 லிட்டரும் ஓடியது. தாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேரன் என் கையைப் பிடித்து நன்றி சொன்னான்.