மாச்சோப்போவுக்கு எதிரே கடல் இருந்தது

வாசற்படி நல்ல உயரம். மிதிக்காமல் தாண்டி வரச் சொல்லி உள்ளே இருந்த சீனப் பெரியவர் கையைக் காட்டினார். இது போதாதா! பழகின கோயிலுக்குள் நுழைந்த மாதிரியே இருந்தது.

சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் இருக்கிறது தியன் ஹொக் கெங் கோயில். காலையில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு அங்கிருந்து நடந்தே வந்தேன். அவள் 1827-லிருந்து சைனாடவுன்காரி. பக்கத்துத் தெருவுக்குப் பகோடா ஸ்ட்ரீட் என்று பெயர் வந்ததே அவள் கோபுரத்தைப் பார்த்துத்தான்.

இங்கே இருப்பவள் மாச்சோப்போ. தென்சீனத்து ஹொக்கியன் மொழியில் 'போ' என்றால் பாட்டி, கடல்காக்கும் பாட்டி. 1821-ல் சீனத்து அமோய் துறைமுகத்திலிருந்து முதல் பாய்மரக் கப்பல் சிங்கப்பூர் வந்தது. மறுவருடமே, இங்கே ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ், சிங்கப்பூர் ஆற்றுக்குத் தென்மேற்கே சீனர்களுக்கென்று இடம் ஒதுக்கினார். 1824 கணக்கெடுப்பில் அவர்கள் 3,317 பேர். அப்போது கோயிலுக்கு எதிரே கடல்தான். பிழைத்து வந்து சேர்ந்தவன் கரையேறியதும் இங்கேதான் ஊதுபத்தி ஏற்றினான். சின்னக் கோயிலை 1839-லிருந்து 1842-க்குள் பெரிதாகக் கட்டினார்கள். ஹொக்கியன் ஊர்ச் சங்கமும் இதற்குள்ளேயே பிறந்தது. அப்புறம் கடைகள், கூலிகளின் விடுதிகள் என்று பேட்டை பெருகியது. குடிதண்ணீர் மாட்டுவண்டியில் வந்ததால் சீனர்கள் அந்தப் பக்கத்தை 'மாட்டுவண்டித் தண்ணீர்' என்றே இன்றும் சொல்கிறார்கள்.

1880-களில் கடலைத் தூர்த்துவிட்டார்கள். வாசலில் நின்று அவள் பார்க்கிற திசையில் பார்த்தேன். டாக்சிகளும் கண்ணாடிக் கட்டடங்களும்தான். நாலு எட்டு தள்ளி நாகூர் தர்கா. நம்மாட்களும் கப்பலேறி வந்தவர்கள்தானே.

சந்நிதியில் ஒரு அம்மா மண்டியிட்டு, பிறைநிலா மாதிரி இரண்டு மரத்துண்டுகளை நெற்றியில் ஒற்றித் தரையில் போட்டார். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிவு. ஒன்று தட்டையாகவும் மற்றது குவிவாகவும் விழுந்தால் உத்தரவு. நம் ஊரில் பூக்கட்டிப் பார்ப்பதேதான். மூன்றாவது தடவை அவருக்கு உத்தரவு கிடைத்தது. ஆரஞ்சுகளை அடுக்கி வைத்துவிட்டுப் போனார்.

சரி, நானும் கேட்டுப் பார்ப்போமே என்று மனசுக்குள் தமிழிலேயே கேட்டுப் போட்டேன். இரண்டிலும் தட்டைப் பக்கம் மேலே. என்ன அர்த்தம் என்று பெரியவரைப் பார்த்தேன்.

"சிரிக்கிறாள்" என்றார்.