சவரக்கத்தியும் தோல்வாரும்: கற்கத் தொடங்கிய எட்டு வாரங்கள்

செப்டம்பர் 29, 2024, ஞாயிறு

கத்தி வந்து பத்து நாளாகிறது. இன்று காலைதான் கன்னத்தில் வைத்தேன். மழிக்கவில்லை, முடியைக் கவ்வி இழுத்தது. நாலு இழுப்புக்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மீதியைப் பழைய ரேசரில் முடித்துக்கொண்டேன். பிரித்ததும் அப்படியே சவரம் செய்யலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். காகிதத்தை நன்றாகத்தான் அறுக்கிறது. அப்படியானால் முகத்தில் ஏன் ஓடவில்லை?

செவ்வாய்க்கிழமை அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். சின்ன வயதிலிருந்து எனக்கு முடிவெட்டியவர். இப்போது கடையை மகன் பார்த்துக்கொள்கிறார்.

அக்டோபர் 1, செவ்வாய்

செவ்வாய் சலூனுக்கு விடுமுறை, அதனால் வீட்டில் இருந்தார். கத்தியை விரித்து ஜன்னல் பக்கம் பிடித்து, அதன் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, நேராகக் கண்ணுக்கு எதிரே நிறுத்திப் பார்த்தார். "தம்பி, வாயில வெளிச்சம் நிக்குது பாருங்க. நிக்கக் கூடாது" என்றார். நானும் பார்த்தேன். வாய் நெடுகிலும் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு மின்னியது. மழுங்கிய வாய்க்கு ஒரு முகம் உண்டு, அதில் வெளிச்சம் பட்டுத் திரும்பும். கூர் சரியாக இருந்தால் வெளிச்சம் நிற்க இடமே இருக்காது. காகிதம் அறுப்பதற்கும் தாடி மழிப்பதற்கும் நடுவில் அவ்வளவு தூரம் இருக்கிறது.

அப்புறம் தன் அடைப்பத்தை, அதாவது சவரச் சாமான் பெட்டியை, திறந்து அவருடைய அப்பாவின் கத்தியை எடுத்தார். வால் பக்கம் சோலிங்கன் என்று முத்திரை. ஜெர்மனியில் கத்திக்கென்றே பெயர் வாங்கிய ஊர் அது. அந்தப் பெயரைப் பிற ஊர்க்காரர்கள் பொறிக்கக் கூடாது என்று 1938இல் சட்டமே போட்டுவிட்டார்கள். அகலம் 5/8, அதாவது அங்குலத்தை எட்டாகப் பிரித்து அதில் ஐந்து பங்கு, ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் நன்றாகக் குழித்த மெல்லிய அலகு. நகத்தால் லேசாகச் சுண்டினார், 'ணிங்' என்று நின்று ஒலித்தது. என்னுடையது 'டப்' என்று அடங்கிவிட்டது. குழிப்புக் குறைந்த தடித்த கத்தி என்பதால் அப்படி. அதனால் அது மோசமான கத்தி ஆகிவிடாதாம், தீட்டினால் வேலை செய்யும் என்றார்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதே என்று இரண்டு முறை சொன்னார். சக்கரத்தின் சூட்டில் மெல்லிய வாய் நொடியில் நீலம் பாய்ந்துவிடும், அதோடு எஃகின் உறுதி போய்விடும். அதற்குப் பிறகு எந்தக் கல்லாலும் கூர் நிற்காது.

அக்டோபர் 6, ஞாயிறு

வாங்கக் குறித்து வைத்திருந்த பட்டியலை இன்று திரும்பப் பார்த்தேன். 1000, 4000, 8000, 12000 என்று நான்கு தண்ணீர்க்கல் (நனைத்துத் தீட்டும் கல், எண் கூடக் கூட நைசு), கல்லைச் சமப்படுத்த வைரத்தட்டு, பச்சைக் குரோமியம் ஆக்சைடு பசை, பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் மஞ்சள் கோட்டிக்யூல் கல். மாதச் சம்பளத்தில் பாதி போயிருக்கும். அண்ணாச்சி கேட்டது ஒன்றுதான்: "வார் எங்க?" பட்டியலில் கடைசியாக இருந்தது.

இப்போது எனக்குப் புரிந்தவரை, கல் வருடத்துக்குச் சில தடவைதான் வேலை செய்யும். தோல்வார்தான் தினமும் வேலை செய்வது. ஒவ்வொரு சவரத்திலும் வாயின் நுனி கண்ணுக்குத் தெரியாமல் சாய்கிறது, அதை நிமிர்த்தி வைப்பது வார். எனவே பட்டியலைக் கிழித்தேன். மூன்று அங்குல அகல வார் ஒன்று, பின்பக்கம் கித்தான் வைத்தது. ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000 இருக்கும் ஜப்பானியக் கல் ஒன்று. பிரஷ், கிண்ணத்து சோப்பு, நாட்டுமருந்துக் கடைப் படிகாரம். அவ்வளவுதான்.

அக்டோபர் 8, செவ்வாய்

முதல் பாடத்தில் சவரக்கத்தியே இல்லை. ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் மொட்டைக் கத்தியைக் கொடுத்து வாரில் இழுக்கச் சொன்னார். முதுகு முன்னால் போக வேண்டும், வாய் பின்னால் வர வேண்டும். ஓட்டம் முடியும் இடத்தில் முதுகின் மேலேயே புரட்ட வேண்டும். வாயின் மேல் புரட்டினால் கூரும் போகும், தோலும் கிழியும். வாரைத் தொய்யாமல் இழுத்துப் பிடிக்கணும், தொய்ந்தால் தோல் வளைந்து வாயை உருட்டிவிடும்.

அவர் பழைய கத்தியில் செய்துகாட்டும்போது கண்ணை மூடிக் கேட்கச் சொன்னார். போகையில் 'சர்ர்', வருகையில் 'சர்ர்', இரண்டும் ஒரே சுருதி. நான் செய்தபோது போகையில் ஒன்று, வருகையில் வேறொன்று. மணிக்கட்டு ஒரு பக்கம் அழுத்துகிறது என்று பார்க்காமலே சொல்லிவிட்டார். கித்தானில் 25, தோலில் 50 என்று கணக்கு. தினமும் செய்யச் சொன்னார்.

அக்டோபர் 17, வியாழன்

வாரில் வெட்டு விழுந்துவிட்டது. நிஜக் கத்திக்கு மாறி மூன்றாம் நாள், வேகம் காட்டப் போய்ப் புரட்டும்போது வாய் தோலில் இறங்கிவிட்டது. அரை அங்குல நீளம். மடல் போலக் கிளம்பிய தோலை ஒட்டி, காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தினேன். இனி மெதுவாகத்தான்.

அக்டோபர் 29, செவ்வாய்

நாளை மறுநாள் தீபாவளி. போன வாரமும் இந்த வாரமும் செவ்வாயிலேயே கடை திறந்திருக்கிறது, அண்ணாச்சியும் கடையில் நிற்கிறார். பாடம் இல்லை. உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். பாதி பிளேடைச் செருகும் கத்தியில்தான் எல்லோருக்கும் சவரம். எய்ட்ஸ் பயம் பரவிய தொண்ணூறுகளில் தீட்டும் கத்தியை அவர் கடையிலிருந்து எடுத்துவிட்டாராம். ஒருவர் முகத்தில் பட்ட வாய் இன்னொருவர் முகத்தில் படக் கூடாது. சரியான முடிவுதான். ஆனால் அதோடு தீட்டும் பழக்கமும் வீட்டுக்குள் போய்விட்டது. அவர் மகனுக்கு வார் இழுக்கத் தெரியாது. அதைக் கேட்டபோது எனக்கு என்னவோ போல இருந்தது.

நவம்பர் 5, செவ்வாய்

இன்று கல். மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை.

முதலில் கல்லைச் சமப்படுத்தினோம். கல் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடித் தகட்டில் 400 எண் வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டவைத்து, கோடெல்லாம் அழியும்வரை தேய்த்தோம். நடுவில் மட்டும் கோடு மிஞ்சியது. புதுக் கல்லுக்கே குழி.

சவரக்கத்தியின் அழகு இங்கேதான் தெரிந்தது. சமையல் கத்தி மாதிரி கோணத்தைக் கையால் பிடிக்க வேண்டியதில்லை. முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் படுத்துக்கொள்கின்றன. முதுகின் தடிமனும் அலகின் அகலமுமே கோணத்தை முடிவு செய்துவிடும், பொதுவாக 16, 17 பாகை வரும். முதுகு தேயாமல் இருக்க ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினோம், அதனால் ஒரு பாகை கூடும். கல்லில் மட்டும் வாய் முன்னால் போகும், வாருக்கு நேர் எதிர்.

வாயோரம் மார்க்கர் பேனாவால் மை பூசி, 1000இல் பத்து ஓட்டம் ஓட்டிப் பார்த்தோம். மூக்குப் பக்கம், அதாவது அலகின் நுனியில், மை போய்விட்டது, பிடியை ஒட்டிய குதிப் பக்கம் அப்படியே இருந்தது. கத்தியின் வாய் கல்லின் அகலத்தை விட நீளம் என்பதால் நேராகத் தள்ளினால் ஒரு பக்கம் தொங்கும். குறுக்காக, பெருக்கல் குறி போடுவது போல இழுக்கணும். அழுத்தவே கூடாது, கத்தியின் கனமே போதும். மறுபடி மை, மறுபடி பத்து. எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

பிறகு அண்ணாச்சி காட்டியது என் மனதில் அப்படியே நிற்கிறது. கல் மேல் நிற்கும் தண்ணீரைப் பார்க்கச் சொன்னார். வாய் முழுதாகக் கல்லில் பதிந்து ஓடும்போது தண்ணீர் வாய்க்கு அடியில் போக வழியில்லாமல் அலகின் மேலே ஏறி வருகிறது. குதியிலிருந்து மூக்குவரை ஒரே சீராக ஒரு மெல்லிய அலை. அது ஏறிய நிமிடம் சத்தமும் மாறியது, கரகரப்பு போய் வழுவழுவென்று ஆனது. ஜன்னலில் பிடித்தால் வெள்ளைக் கோடு இல்லை. கை முடியில் வைத்தால் வாயின் எந்த இடமும் மழித்தது. 6000இல் ஐம்பது ஓட்டம். கடைசியில் அவர் அப்பாவின் கையகலக் கறுப்புத் தீட்டுக்கல்லில் இருபது.

நவம்பர் 12, செவ்வாய்

சவரம். கன்னம் இரண்டும் மட்டும்.

வெந்நீர்த் துணியை முகத்தில் மூன்று நிமிடம் வைத்து, நுரையைத் தயிர்ப் பதத்துக்குக் கட்டினேன். கத்தியைத் தோலில் படுக்க வைத்து, முதுகை மட்டும் அதன் தடிமனைப் போல இரண்டு மடங்கு தூக்கவேண்டும், சுமார் 30 பாகை. நிமிர்த்தினால் தோலைச் சீவும், படுத்தால் முடியை இழுக்கும். இன்னொரு கையால் காதோரத் தோலை மேலே இழுத்துப் பிடித்தேன். முடி வளரும் திசையிலேயே, ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக.

முதல் இழுப்பில் சத்தம் கேட்டது. உப்புத்தாளை நகத்தால் வருடுவது போலச் சின்னச் சின்ன ஒலி. வலி இல்லை. தடவிப் பார்த்தேன், சின்னப் பிள்ளைக் கன்னம் போல இருந்தது. தாடை எலும்பில் ஒரு கீறல், படிகாரம் வைத்ததும் நின்றது.

நவம்பர் 20, புதன்

நேற்று முழுக்க மழை. இன்று கத்தியில் இரண்டு துருப்புள்ளி. கடற்கரை ஊரில், அதுவும் தூத்துக்குடி உப்புக் காற்றில், கார்பன் எஃகுக் கத்தியைக் குளியலறையில் வைத்தது என் தவறு. நல்லவேளை, புள்ளி வாயில் இல்லை. துடைத்து, பிடியின் இடுக்கையும் உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி பூசி, அலமாரிக்கு மாற்றிவிட்டேன்.

நவம்பர் 26, செவ்வாய்

முகம் முழுவதும் முடித்தேன். மோவாயும் மேல் உதடும்தான் கடினம், மேல் உதட்டுக்குப் பத்து நிமிடம். கழுத்தில் முடி பக்கவாட்டில் வளர்கிறது என்பதே இவ்வளவு நாள் எனக்குத் தெரியாது.

சாயங்காலம் வாரை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் கண்ணை மூடித் திண்ணையில் சாய்ந்திருந்தார். உள்ளே ஜன்னல் கம்பியில் வாரை மாட்டி இழுத்தேன். தோலில் ஐம்பதும் முடிந்தபின் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "முப்பதுக்கு மேல ரெண்டு தடவ கை தூக்கிருச்சு தம்பி. மத்ததெல்லாம் சரி."